ரானிடிடின்: அமில மருந்தும் புற்றுநோய் ஐயமும்

ரானிடிடின், இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. ரேண்டாக், அசிலாக், ஜின்டாக் என்ற பெயர்களில் இந்திய மெடிக்கல் கடைகளுக்குப் பழக்கமான 'கேஸ் மாத்திரை'. நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கும் வலி மாத்திரையோடு சேர்த்து எழுதித் தரப்பட்டது.

பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த, இதே வகை மருந்தான சிமெடிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் போட்டியாக கிளாக்ஸோ நிறுவனம் 1981-இல் ரானிடிடினை இறக்கியது. சில ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து அதுதான். அதே 1981-இல், நைட்ரைட்டோடு வினைபுரிந்தால் இது மரபணுவைப் பாதிக்கும் பொருளாகலாம் என்று சில்வியோ டி ஃபுளோரா 'லான்செட்' இதழில் எழுதினார். அந்த எச்சரிக்கை விற்பனையைத் தொடவே இல்லை.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வாலிஷர் ஆய்வகம், ரானிடிடின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் இருப்பதாக அறிவித்தது. எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் பொருள் என்று 1956-லேயே தெரிந்திருந்தது இது. அனுமதி அளவு நாளொன்றுக்கு 96 நானோகிராம். வாலிஷர் சொன்னதோ லட்சக்கணக்கான நானோகிராம். 130 டிகிரியில் சூடாக்கிச் சோதித்ததால், சூடே மாத்திரையைச் சிதைத்துக் கணக்கை ஊதிப் பெருக்கிவிட்டது. குறைந்த வெப்பத்தில் சோதித்த அமெரிக்க மருந்துத் துறைக்குக் கிடைத்த அளவு மிகக் குறைவு. ஆனாலும் சிக்கல் தீரவில்லை: இது ஆலையில் கலந்த அழுக்கு மட்டுமல்ல, மூலக்கூறே நாளாக நாளாக உடைந்து என்.டி.எம்.ஏ.வைத் தருகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா இம்மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது.

வெப்ப நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியின் குளிரில் இருக்கும் மாத்திரை அட்டையையும், சித்திரை வெயிலில் மதுரைக் கடை அலமாரியில் வேகும் அட்டையையும் ஒன்றாக எண்ண முடியாது. மலையிலோ மழைக்கால ஈரம் வேறு.

மனிதருக்குப் புற்றுநோய் வருகிறதா என்பது தனிக் கேள்வி. சுமார் 11.8 லட்சம் பேரின் பதிவுகளை அலசி 2023-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, இதே வகை மற்ற மருந்துகளை உண்டவர்களைவிட ரானிடிடின் உண்டவர்களுக்குப் புற்றுநோய் கூடுதல் என்று காணவில்லை.

இந்தியா தடை விதிக்கவில்லை. 2019-இல் தயாரிப்பாளர்கள் தங்கள் சரக்கைச் சோதிக்கும்படி தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் கேட்டார். ஜின்டாக் வழங்கலை அதன் நிறுவனம் நிறுத்தியது. 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து ரானிடிடின் நீக்கப்பட்டது. விற்பனை மட்டும் தொடர்ந்தது. என்.டி.எம்.ஏ. அளவைக் கண்காணிக்கும்படி மாநிலங்களுக்கு 2025 ஜூலையில் மீண்டும் கடிதம் போனது. மருத்துவர்கள் பலர் அதற்குள் அமிலம் குறைக்கும் வேறு மருந்துகளான ஃபமோடிடினுக்கும் பான்டோபிரசோலுக்கும் மாறியிருந்தனர்.