செப்டம்பர் 5-க்கு இன்னொரு பெயரும் உண்டு



ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. காலையிலிருந்து போன் ஓயவில்லை. துபாயிலிருந்து ஒருவன், கத்திவாக்கத்திலிருந்து ஒருத்தி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ காலில் இன்னொருத்தி. மனசு நிறைந்தது.

செப்டம்பர் 5 டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் என்று உங்களுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுத்தேன். அதே நாள் 2016 முதல் உலக முதுகுத் தண்டுவடக் காய தினமாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. எனக்கே இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். தெரிந்த அன்று என் நினைவுக்கு வந்தது உங்களில் ஒருவன். பெயர் வேண்டாம். அவன் வகுப்பில் படித்தவர்களுக்குப் புரியும்.

2003-ல் அவனுக்கு 21 வயது. லோடு ஏற்றிய லாரியின் மேலே ஏறி தார்ப்பாய் கட்டும்போது சறுக்கி விழுந்தான். கூட வேலை பார்த்தவர்கள் பதறிப்போய், ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் முதுகெலும்பு முறிந்தவரை அப்படித் தூக்கக் கூடாது. எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வீட்டு மெயின் வயர் மாதிரி. எலும்பு நொறுங்கினாலும் வயர் தப்பியிருக்கலாம். மடக்கித் தூக்கும்போது அதுவும் அறுந்துவிடும். அறுந்த இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, சிறுநீர் மலம் கட்டுப்பாடும் இல்லை.

மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவன் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நர்ஸ் பெண் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். அடிபட்டதால் அல்ல; படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அவர் செய்த முதல் வேலை, இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது. சாவு குறைந்தது. 1948-ல் அவர் நோயாளிகளுக்கு வைத்த வில்வித்தைப் போட்டிதான் இன்றைய பாராலிம்பிக்ஸுக்கு வித்து.

1944-ல் இங்கிலாந்தில் தெரிந்த விஷயம் 2003-ல் எர்ணாவூர் வரைக்கும் வந்து சேரவில்லை. என் மனசில் இன்றைக்கும் உறுத்துவது இதுதான். ஒரு மருந்து வந்து சேரவில்லை என்றால் விலை அதிகம் எனலாம். இதற்கு ஒரு அலாரம் கடிகாரம் போதுமே!

நம் தமிழ்நாட்டிலேயே தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் அங்கே அந்தத் துறையின் தலைவரானார். 1966-ல் மறுவாழ்வு நிலையமும் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

அடுத்தவர் ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் நான்காம் ஆண்டு படிக்கும்போது, 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது உலக ஊனமுற்றோர் ஆண்டு. இவருக்கும் 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்த ப்ரீத்தி சீனிவாசன் 18 வயதில், 1998-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2013-ல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கி, தன்னைப் போன்றவர்களுக்கு மாத உதவித் தொகை, சிகிச்சை என்று உழைக்கிறார்.

மூவரும் பாதிக்கப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்தவர் வந்து செய்வார் என்று காத்திருக்காமல் அவர்களே செய்தார்கள், அரசிடமும் கேட்டார்கள்.

இப்போது சட்டம். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான். ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றது. அதன்பின் 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 21 வகைகள். தசைச் சிதைவு தனியாக உண்டு, பார்கின்சன் நோய் உண்டு. தண்டுவடக் காயம் தனியாக இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்புக்குள் போய்விடுகிறது. காலில் போலியோ வந்து கோல் ஊன்றி நடப்பவரும், புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டியவரும் ஒரே தலைப்பில். இருவரின் தேவையும் ஒன்றா? தனி வகையாகச் சேருங்கள் என்று இவர்கள் கேட்பதன் நியாயம் இதுதான்.

வேலை விஷயமும் அப்படியே. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் தொழிலாளிக்கு 2025 வரை இருந்தவை 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும். இரண்டிலும் பலன் பெற, வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. என் மாணவன் கான்ட்ராக்ட் ஆள். எந்த ரிஜிஸ்டரிலும் பெயர் இல்லை. கையில் ஏதோ கொஞ்சம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

அவனுக்காக மனு எழுதியது நான்தான். உதவித் தொகைக்கு இரண்டு, சக்கர நாற்காலிக்கு ஒன்று. சுனாமிக்குப் பிறகு அவர்களுக்கு வீடு கிடைத்தது, மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாமல். கீழ்த்தளம் கேட்டு நான்கு மனு. அப்போதெல்லாம் 'ஊனமுற்றவர்' என்றுதான் எழுதினேன். பிறகு கலைஞர் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கடைசி மனுவில் அப்படி எழுதியபோது, "டீச்சர், பேர் நல்லாத்தான் இருக்கு. நான் எப்ப கீழ எறங்கறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் கீழ்த்தளத்து அம்மா ஒருவர் தானாக முன்வந்து வீட்டை மாற்றிக்கொண்டார். ஒன்றரை வருடம் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். 2011-ல் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்து போய்ச் சேர்ந்தான். 29 வயது.

அதன் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பராமரிப்பு உதவித் தொகை மாதம் 2,000 ரூபாய் உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழி செய்தது.

போதுமா? டியூப், யூரின் பை, டயப்பர், புண்ணுக்குக் கட்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 ரூபாய் எத்தனை நாள் வரும்? மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்காரர்கள் அலை அருகே போக மரப்பாதை திறந்தார்கள். முதல்முறையாகக் கடல் பார்த்தோம் என்று சிலர் கண் கலங்கினார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். நல்ல காரியம். ஆனால் எர்ணாவூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தவன், மாடிப்படி இறங்க வழியில்லாமல் வருஷக்கணக்கில் கடலைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளா, உங்களில் துறைமுகத்தில், கன்டெய்னர் யார்டில், லாரி செட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். டீச்சர் வீட்டுப்பாடம் தருகிறேன்.

உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், மடக்கித் தூக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ஆபத்தான இடமாக இருந்து நகர்த்தியே தீர வேண்டுமென்றால், நாலு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டையாக உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. எண் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தெருவில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மனு நான் எழுதித் தருகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.

அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்ட பாடத்தை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நாலு பேருக்குப் பகிருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், எர்ணாவூர்.