கழிவெண்ணெயில் வெப்பம் பெறும் பச்சைவீடுகள்

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் வாழும் எமக்கு, பயிரைக் குளிரிலிருந்து காப்பதற்காக இரவிரவாக எரிபொருளை எரிப்பது விந்தையாகத் தோன்றலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலம் முடியுமுன்னரே பச்சைவீட்டில் தக்காளி நாட்டும் விவசாயிக்கோ அது தவிர்க்க முடியாத செலவாகும். 2008 ஆம் ஆண்டு ஜூலையில் மசகு எண்ணெய் விலை பீப்பாய் ஒன்றுக்கு 147 டொலரைத் தொட்டபோது, இச்செலவு சிறு பண்ணைகளின் இலாபத்தையே விழுங்கத் தொடங்கியது. வெர்மொன்ற் போன்ற மாநிலங்களில், உணவகங்கள் கழிக்கும் பொரியல் எண்ணெயைப் பண்ணையாளர் சிலர் நாடியமைக்கு இதுவே காரணமாகும்.

தாவர எண்ணெய் எரிபொருளாவது புதுமையன்று. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. ஒரு லீற்றர் டீசல் தரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகமானதை ஒரு லீற்றர் தாவர எண்ணெய் தருகின்றது. வாகனங்களின் கழிவெண்ணெயில் சேரும் பார உலோகங்களும் இதில் இல்லை.

ஆயினும், டீசலுக்குரிய அடுப்பில் இதனை அப்படியே ஊற்றிவிட முடியாது. 40 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் இது டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பானது. உணவுத் துகள்களும் நீரும் கலந்திருப்பதால், முதலில் பீப்பாய்களில் பல நாட்கள் தெளியவிட்டு, பின்னர் நுண்ணிய வடிகளினூடாக வடித்தெடுக்க வேண்டும். எரிப்பதற்கு முன்னர் சூடாக்கி இளக்கி, அழுத்தக் காற்றினால் நுண்துளிகளாகச் சிதறச் செய்ய வேண்டும். இதில் குறை நேர்ந்தால் புகைக்கரி படியும்; பிசின் போன்ற படிவு எரிமுனையை அடைத்துவிடும். பாம் எண்ணெயோ விலங்குக் கொழுப்போ கலந்திருந்தால், மிகவும் தேவைப்படும் கடுங்குளிர் இரவிலேயே அது குழாய்களில் உறைந்துவிடும். மெதனோலும் காரமும் சேர்த்து உயிரியல் டீசலாக மாற்றினால் இத்தொல்லைகள் குறையும். ஆனால், மெதனோல் நச்சுத்தன்மை வாய்ந்தது. எளிதில் தீப்பற்றக் கூடியது.

தேவைப்படும் அளவும் சிறிதன்று. 270 சதுர மீற்றர் பரப்புடைய பச்சைவீட்டை, வெளியிலுள்ள குளிரைவிட 20 பாகை கூடுதலான வெப்பத்தில் 12 மணித்தியாலங்கள் பேணுவதற்கு, எமது கணிப்பின்படி ஏறத்தாழ 50 லீற்றர் எண்ணெய் வேண்டும். ஒரு பருவத்துக்குப் பல உணவகங்களிலிருந்து சேகரித்தாலன்றி இது கட்டுப்படியாகாது.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகின்றது. காசு கொடுத்து அகற்றப்பட்ட கழிவு இன்று உலகச் சந்தைப் பண்டமாகிவிட்டது. கழிவெண்ணெயிலிருந்து பெறப்படும் வாகன எரிபொருளை இலக்குகளுக்காக இருமடங்காகக் கணக்கிட ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஆம் ஆண்டின் பணிப்புரையில் இடமளித்தது. அதனால் கேள்வி பெருகியது. புதிய பாம் எண்ணெயே கழிவெண்ணெய் என்ற பெயரில் விற்கப்படுகின்றதோ என்ற சந்தேகமும் எழுந்தது. சீன உயிரியல் டீசல் மீது 2025 பெப்ரவரியில் அவ்வொன்றியம் பொருட்குவிப்புத் தடுப்பு வரியை உறுதிப்படுத்தியது. விமான எரிபொருள் தயாரிப்பாளரும் நாடும் இப்பண்டத்துக்காகச் சிறு விவசாயி அவர்களுடன் போட்டியிட வேண்டியுள்ளது.

ஆகவே, இலவசக் கழிவை நம்பி அடுப்பை மாற்றுவதற்கு முன்னர், வெப்பம் வெளியேறும் வழிகளை அடைப்பதே விவேகமாகும் என்பது எமது கருத்தாகும். இடையே காற்று நிரப்பிய இரட்டைப் பொலித்தீன் உறை, ஒற்றை உறையுடன் ஒப்பிடுகையில் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மீதப்படுத்தும். இரவுத் திரையும், வேர்ப்பகுதியை மட்டும் சூடாக்கும் நீர்க்குழாய்களும் மேலும் மீதப்படுத்தும். அயலிலுள்ள உணவகங்களோடு நிலையான உடன்பாடு செய்து கொண்ட பண்ணைக்குக் கழிவெண்ணெய் நல்ல துணையே. ஆனால், கழிவு என்றும் கழிவாகவே கிடைக்கும் என்றெண்ணி முதலிடுபவர், அதற்கு விலை ஏறும் நாளில் பயிரையும் முதலையும் ஒருங்கே இழக்க நேரிடும்.