தலைமேல் வைத்த காந்தச் சுருள்

புத்தாண்டு பிறக்கும்போது சிகரெட்டை விட்டவர், தைப்பூசம் வருவதற்குள் மீண்டும் பற்றவைத்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மன உறுதி இல்லாத மனிதர் என்று ஒரே சொல்லில் தீர்ப்பும் கூறிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைச் சற்றே அசைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும், அதற்கு நெடுங்காலம் முன்பே பிறந்த ஒரு கருவியைப் பற்றியும் இன்று பேசுவோம், நேயர்களே.

கருவியின் கதை 1831இல் தொடங்குகிறது. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே காட்டினார். கம்பியில் உண்டாவது உடலில் உண்டாகாதா? 1896இல் பிரான்சு நாட்டு அறிஞர் தார்சோன்வால், பெரிய கம்பிச்சுருளுக்குள் மனிதத் தலையை வைத்துச் சோதித்தார். கண்முன் ஒளி மினுங்கியது, தலை சுற்றியது. 1910இல் லண்டனில் சில்வேனஸ் தாம்சனும் அந்த மினுக்கத்தைக் கண்டார். ஆனால் அது மூளை காட்டிய ஒளியன்று, கண்ணின் விழித்திரை தூண்டப்பட்டதன் விளைவே என்று பிற்காலத்தார் கருதினர். அந்தக் காந்தம் கண்ணோடு நின்றுவிட்டது போலும்!

மூளையை எட்ட மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் 1980இல், தலைத்தோல் வழியே மின்சாரத்தைச் செலுத்தி மூளையைத் தூண்டலாம் என்று இருவர் காட்டினர். வலிதான் தாங்க முடியவில்லை. மண்டை ஓடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியவர் ஷெப்பீல்டு நகரத்து அந்தோணி பார்க்கர். 1985இல் அவரும் தோழர்களும் தலைமேல் ஒரு சுருளை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தை அதில் பாய்ச்சினர். எதிர்ப்பக்கத்துக் கை தானாகத் துடித்தது. வலியில்லை, கத்தியில்லை. நரம்புப் பாதைகளைச் சோதிக்கப் பயன்பட்ட இக்கருவி, 2008இல் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒருவர், பதினான்கு வயதில் புகைக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு நாற்பது சிகரெட்டுக்கு மேல் ஊதியவர். இருபத்தெட்டாம் வயதில் பக்கவாதம் தாக்கியது. அன்றோடு புகைப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்த முயலவும் இல்லை, ஆசையே எழவில்லை! அவருடைய மூளையில் சேதமுற்ற இடம் இன்சுலா. பக்க மடிப்புக்குள் புதைந்து கிடக்கும் பகுதி அது. நக்வி, பெச்சாரா முதலியோர் 2007இல் மூளைச் சேதமுற்ற 69 புகைப்பிடிப்போரை ஆராய்ந்தனர். அவர்களுள் இன்சுலா சேதமுற்றவர் 19 பேர். அந்தப் பத்தொன்பதின்மரில் 13 பேர் புகையை விட்டனர். அவர்களிலும் 12 பேர் ஏக்கமின்றி எளிதாக விட்டனர். உறுதியால் அடக்க முடியாத ஆசைக்கு உடம்பில் ஓர் இருப்பிடம் இருக்கிறது என்பது இதனால் தெரிந்தது.

நோய் செய்ததைக் காந்தம் செய்யுமா? சாதாரணச் சுருளின் புலம் மேலோட்டமாகவே செல்லும். ஆழம் எட்டும் சுருளொன்றை ஆபிரகாம் சாங்கன், யிப்தாக் ரோத் ஆகியோர் உருவாக்கித் தலைக்கவசத்துக்குள் பொருத்தினர். அதைக் கொண்டு 14 நிலையங்களில் 262 பேரிடம் சோதனை நடந்தது. சராசரியாக இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் புகைத்தவர்கள். விட முயன்று ஒரு முறையேனும் தோற்றவர்கள். மூன்று வாரம் வாரநாள்தோறும், பிறகு மூன்று வாரம் வாரம் ஒருமுறை சிகிச்சை. ஒவ்வொரு முறையும் முதலில் சிகரெட்டு ஆசையை வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, அதன்பின் சுருளை இயக்கினர். ஒரு பாதிப்பேருக்கு அதே ஓசையெழுப்பும் போலிச் சுருள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தச் சோதனையைச் சான்றாகக் கொண்டு 2020 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 2021இல் முடிவுகள் அச்சேறின. பதினெட்டாம் வாரத்துக்குள் தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காதிருந்தோர், மெய்ச்சுருளில் நூற்றுக்கு 19.4; போலிச் சுருளில் 8.7. இரண்டு மடங்குக்கு மேல் என்று விளம்பரம் செய்யலாம், அது பொய்யன்று. ஆயினும் நாம் இன்னொரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். போலிச் சுருளின் கீழ் அமர்ந்தவர்களிலும் சிலர் புகையை விட்டார்கள். மெய்ச்சுருளின் கீழ் அமர்ந்தவர்களிலோ, நூற்றுக்கு எண்பது பேர் அந்த நான்கு வாரத்தை எட்டவில்லை.