பெயரில்லாத பணிப்பெண்

பெரிய மனிதர்களின் மறைவுச் செய்திகளைப் பல்லாண்டுகளாக எழுதி வந்தவன் நான். அதனாலோ என்னவோ, 1893இல் எழுதப்பட்ட ஓர் அஞ்சலிக் கட்டுரை என் மனதைவிட்டு அகலுவதில்லை. பிரெஞ்சு நரம்பியல் மேதை சார்க்கோ மறைந்தபோது, அவரது மாணவர் சிக்மண்ட் பிராய்ட் எழுதியது அது.

சார்க்கோவின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கை நடுக்கம். தட்டுக்களும் கோப்பைகளும் உடைந்தவண்ணம் இருந்தன. வேறொருவராயின் வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். சார்க்கோவோ நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு அவளை ஆண்டுக்கணக்கில் அவதானித்தார். அவள் இறந்த பின்னரே, அந்த நடுக்கத்தின் மூலகாரணம் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் படிந்த தழும்புத் திட்டுக்கள் என அவரால் நிரூபிக்க முடிந்தது.

அத்தகைய திட்டுக்களை வேறு சிலர் முன்னரே வரைந்திருந்தனர். ஆயினும் அவற்றை நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்தி, 'மல்ரிபிள் ஸ்கிளரோசிஸ்' எனும் தனி நோயாக வகுத்தவர் சார்க்கோவே. 1868இல் பாரிஸ் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் அவர் ஆற்றிய விரிவுரைகள் இதற்குச் சான்று. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைவதையும் அவர் கண்டிருந்தார்.

2022இல், ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், எப்ஸ்ரைன் பார் வைரஸ் தொற்றியோருக்கு இந்நோய் ஏற்படும் அபாயம் 32 மடங்காவதாகக் கண்டனர். இன்று நோயைக் கட்டுப்படுத்த மருந்துகள் உள்ளன. முற்றாகக் குணப்படுத்த எதுவுமில்லை.

சார்க்கோவின் பெயரை வைத்திய நூல்கள் தாங்கி நிற்கின்றன. பிராய்டின் அஞ்சலியிலோ அந்தப் பெண் வெறும் பணிப்பெண்தான். நான் எழுதிய அஞ்சலிகளிலும் இவ்வாறு எத்தனை பேரைப் பெயரின்றி விட்டேனோ?