நாகம்மாள் முதல் பொன்னா வரை

‘ஏறுவெயில்’ (1991) தொடங்கிப் பெருமாள்முருகனைத் தொடர்ந்து வாசித்து வந்த நமக்கு, அவரிடம் என்ன கிடைக்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்தே இருந்தது. குடியிருப்புக்காக நிலத்தை இழந்த குடியானவக் குடும்பம், திரையரங்கில் சோடா விற்கும் பையன்கள், ஆடு மேய்க்கும் பண்ணையச் சிறுவர்கள், பெண் கிடைக்காமல் வயது ஏறிக்கொண்டே போகும் ‘கங்கண’த்து மாரிமுத்து. எல்லாம் கொங்கு மண், கொங்குப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர் அவர்.

2010இல் காலச்சுவடு வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவலையும் அப்படித்தான் பிரித்தோம். பூவரச மரம், தொண்டுப்பட்டி, மாடுகள். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும். ஊரார் பேச்சு அவர்களை அன்றாடம் அரிக்கிறது. பிறகுதான் திருச்செங்கோட்டு வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் வருகிறது. அன்றிரவு கூட்டத்தில் முகம் தெரியாத ஓர் ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம், அது சாமி கொடுத்த பிள்ளை என்பது நாவல் காட்டும் வழக்கம்.

நம்மை அசைத்தது அந்த இரவன்று. அதற்கு முன்பே, நான் சொன்னால் போவாயா என்று காளி கேட்க, நீ சொன்னால் போவேன் என்ற பொருளில் பொன்னா விடை சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அவள் மறுப்பாள் என்றே அவன் நம்பியிருக்கிறான். அத்தனை அன்பும் அந்த ஒரு விடையில் உடைகிறது. இவ்வளவு சாதுவான எழுத்துக்காரர் இந்த இடத்திற்கு வருவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

ஆனால் கொங்கு நாவலின் வரலாற்றைப் புரட்டினால் இந்த வியப்பு பாதியாகக் குறைந்துவிடும். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது, கு. ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதினார். அதன் நாயகி ஒரு கைம்பெண். கெட்டியப்பனோடு ஊரறியப் பழகுகிறாள். கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். முடிவில் கொலை விழுகிறது. தமிழ் வட்டார நாவலின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் நூல் இத்தகைய ஒருத்தியோடுதான் தொடங்குகிறது. பெருமாள்முருகன் ஷண்முகசுந்தரத்தை ஆராய்ந்து தனிநூலே எழுதியவர். பொன்னா எங்கிருந்து வந்தாள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நாகம்மாளுக்கு நேராதது பொன்னாவுக்கு ஏன் நேர்ந்தது? ஷண்முகசுந்தரத்தை வாசித்தவர்கள் மிகச் சிலர் என்பது ஒரு காரணம். அதைவிட, நாகம்மாளின் செய்கை ஒரு வீட்டுக்குள் அடங்கியது. அதைக் கெட்ட நடத்தை என்று ஊர் தள்ளிவிட முடியும். பொன்னாவை மலைக்கு அனுப்புவதோ பெற்றவர்களும் மாமியாரும் அண்ணனும். கோயில், சாதி, ஊர்ப்பெயர் மூன்றும் அதில் சேர்ந்துவிட்டன. நான்கு ஆண்டுகள் அமைதியாக விற்ற நூலைச் சில பக்கங்களின் நகல்களாகக் கையில் வாங்கியவர்கள் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சு’, நிபந்தனையற்ற மன்னிப்பில் எழுத்தாளரைக் கையொப்பமிட வைத்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு அதன் பிறகு வந்தது. அந்த உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது.

இந்த இரைச்சலில் இரு நூல்கள் கவனம் பெறாமல் போயின. மாதொருபாகனின் கடைசிப் பக்கத்தில் காளி என்ன ஆனான் என்பது சொல்லப்படவில்லை. அதற்குத் தொடர்ச்சியாக ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என இரண்டை அவர் எழுதியிருந்தார். ஒன்றில் காளி இறந்துபோகிறான், மற்றதில் பிழைத்திருக்கிறான். பொன்னா இரண்டிலும் இருக்கிறாள்.