மலைச் சிகரமும் ஏழையின் இல்லமும்

பொழுதுபோக்கிற்குச் செலவிடும் பணம் ஏழைக்கு உரியதா? திருச்சபை நெடுங்காலமாய்ச் சிந்தித்து வரும் வினா இது. பெட்டியில் பயனின்றிக் கிடக்கும் ஆடை ஆடையற்றவனுக்கே சொந்தம் என 4-ஆம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் போதித்தார்.

இத்தாலியின் தூரின் நகரில் 1901-இல் பிறந்து, 2025-இல் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி, இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கினார். நாளிதழ் அதிபரின் மகனான அவர் மலையேற்றத்தில் பேரார்வம் கொண்டவர். 1918-இல் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் இல்லங்களையும் நாடிச் சென்றார். மலை தந்த மகிழ்ச்சியை அவர் துறக்கவில்லை; தம் வசதிகளைக் குறைத்தே ஏழையின் பங்கைச் சேர்த்தார். 1925 ஜூலை 4-ஆம் நாள், 24 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழைகளைக் கண்ட பின்னரே அவரது ஈகையின் அளவைக் குடும்பத்தார் உணர்ந்தனர்.

நம் இல்லக் கணக்கில் பொழுதுபோக்கிற்கும் இடம் இருக்கட்டும்; ஏழையின் பங்கு அதற்கு முன்னதாக எழுதப்படட்டும்.