படம் இருக்கிறது, திறக்க முடியுமா?

யட்டியாந்தோட்டையை அடுத்த புளத்கொஹுபிட்டியவில் 2016 மே மாத மண்சரிவு லயன் வீடுகளைப் புதைத்தது. வீடு போனால் படமும் போகும் என்பது போரில் இடம்பெயர்ந்தோருக்கும் தெரியும்.

வீடு தப்பினாலும் இறுவட்டு பழுதடையும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. 2017 முதல் ஐபோன்கள் சேமிக்கும் ‘ஹெயிக்’ கோப்புகள் பல பழைய கணினிகளில் திறப்பதில்லை. 1992இல் வந்த ‘ஜேபெக்’ இன்றும் எங்கும் திறக்கும். அதிலும் ஒரு பிரதி வையுங்கள்.

மூலக்கோப்பை அழிக்காதீர்கள், எடுத்த திகதி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். வட்ஸ்அப்பில் ‘ஆவணமாக’ அனுப்பினால் படம் சுருங்காது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள். பெயர், ஊர், ஆண்டையும் எழுதிவையுங்கள்.

காணாமல் போனவரைத் தேடும் குடும்பத்துக்கு அந்த ஒரு படமே சாட்சி.